முதலில் எழுத்துக்குச் சம்பளம் கொடுங்கள்: தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தயாரிப்பாளர்களுக்கு,

வணக்கம்.

பெரிய முதலீட்டில் எடுத்த படம் ஒன்று முதல் வாரத்திலேயே தியேட்டரை விட்டு இறங்கினால், அடுத்து வரும் இசை வெளியீட்டு மேடைகளில் ஒரு பேச்சு தவறாமல் வந்துவிடுகிறது: தமிழில் கதை இல்லை, எழுத ஆள் இல்லை, மலையாளத்தைப் பாருங்கள். உங்களில் பலர் இதை வருத்தத்தோடுதான் சொல்கிறீர்கள். பணம் போனவரின் வருத்தம் பொய்யாக இருக்காது. ஆனால் சொல்லும் காரணம் தவறு. எழுத ஆள் இருக்கிறார்கள். சாலிகிராமத்திலும் வளசரவாக்கத்திலும் நான்கைந்து பேர் சேர்ந்து எடுத்த வாடகை வீடுகளில், எழுதி முடித்த ஸ்கிரிப்ட்டுகளோடு, யாராவது இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்பார்களா என்று காத்திருக்கிறார்கள். உதவி இயக்குநராகவும் கதை விவாதங்களில் உட்காருகிறவனாகவும் அவர்களோடு இருந்தவன் நான். புதுமை எந்த இடத்தில் தொலைகிறது என்று அங்கிருந்து பார்த்ததால் இதை எழுதுகிறேன்.

சொல்ல வருவது ஒன்றுதான். தமிழ் சினிமாவில் எழுத்து என்ற வேலைக்குத் தனிச் சம்பளம் இல்லை, உரிய காலம் இல்லை, பல நேரம் பெயரும் இல்லை. இந்த மூன்றும் இல்லாத இடத்திலிருந்து புதிய கதை வந்தால் அது தற்செயலாகத்தான் வரும்.

ஒரு படம் இன்று எப்படித் தொடங்குகிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். முதலில் காம்பினேஷன். இந்த நடிகர், இந்த இயக்குநர், இந்த இசையமைப்பாளர் என்று மூன்று பெயர்கள் சேர்ந்ததும் அட்வான்ஸ் கைமாறுகிறது. அடுத்து கால்ஷீட். பொங்கலா, தீபாவளியா என்று வெளியீட்டு நாள். ஓடிடி நிறுவனத்தோடும் சாட்டிலைட் உரிமை வாங்குகிறவர்களோடும் பேச்சு. இவ்வளவும் முடிந்து, படப்பிடிப்புக்குச் சில மாதங்களே இருக்கும்போது, "இனி கதை பண்ணலாம்" என்று உட்காருகிறோம். நாள் குறித்தாகிவிட்டது, நடிகரின் தேதி போனால் திரும்பக் கிடைக்காது. அந்த நெருக்கடியில் உட்காருகிற எவருக்கும் இதுவரை யாரும் நடக்காத பாதையைத் தேடிப்பார்க்கத் துணிவு வராது. ஏற்கெனவே ஓடிய ஒன்றைத்தான் கை தேடும்.

அந்த அறைக்குள் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களில் பலர் அங்கே வருவதில்லை. இயக்குநர் நடுவில் இருப்பார். சுற்றிலும் உதவி இயக்குநர்கள், இரண்டு மூன்று டிஸ்கஷன் ஆட்கள். இவர்களுக்குச் சாப்பாடு, டீ, பேட்டா. ஒப்பந்தம் என்று ஒன்று கிடையாது. "ரெஃபரன்ஸ்" என்று லேப்டாப்பில் ஒரு கொரியப் படம் ஓடும், ஒரு ஸ்பானியப் படம் ஓடும், இருபது வருடத்துக்கு முந்தைய நம் படமே ஒன்று ஓடும். இன்டர்வெல் பிளாக்குக்கு என்ன, ஹீரோ என்ட்ரிக்கு என்ன, ஃபிளாஷ்பேக்கை எங்கே வைப்பது என்று பேச்சு போகும். கதாபாத்திரம் யார், எந்த ஊர், அவன் அப்பா என்ன வேலை பார்த்தார், அவன் வீட்டில் சோறு எப்படி வருகிறது என்ற கேள்வியை யாராவது எடுத்தால், "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளிவைக்கப்படும். அந்த அப்புறம் வருவதே இல்லை. ஒரு கதை இன்னொரு கதையிலிருந்து வேறுபடுவது அந்தக் கேள்விகளால்தான். அவற்றை விட்டுவிட்டால் மிஞ்சுவது எல்லாப் படத்துக்கும் பொதுவான எலும்புக்கூடு.

இப்படி ஒரு அறையில் நான் எழுதிக்கொடுத்த காட்சிகள் படமாகித் திரைக்கு வந்திருக்கின்றன. டைட்டிலில் என் பெயர் உதவி இயக்குநர்களின் வரிசையில், படிக்க முடியாத வேகத்தில் ஓடியது. அந்த நிறுவனம் எது என்று சொல்லப்போவதில்லை, சொல்லித் தீர்த்துக்கொள்ளும் கணக்கும் இல்லை. என்னோடு இருந்தவர்கள் எல்லோருக்கும் இதேதான் நடந்தது என்பதால் சொல்கிறேன். அவர்களில் நன்றாக எழுதக்கூடியவர்கள் விளம்பரப் படங்களுக்கும் சீரியல்களுக்கும் போய்விட்டார்கள். சீரியலில் எபிசோடுக்கு இவ்வளவு என்று பேசிக் கையில் காசு தருகிறார்கள். நீங்கள் "ஆள் இல்லை" என்கிறீர்களே, அந்த ஆட்கள் அங்கே இருக்கிறார்கள்.

எப்போதும் இப்படித்தானா என்றால், இல்லை. இந்தத் தொழிலை நடத்திய பெரியவர்களே வேறு விதமாக நடத்தியிருக்கிறார்கள். எஸ்.எஸ். வாசன் ஜெமினி ஸ்டுடியோவில் கதை இலாகா என்று தனியாக ஒரு பிரிவே வைத்திருந்தார். கொத்தமங்கலம் சுப்பு போன்றவர்கள் அங்கே மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்து கதை யோசித்தார்கள். 1948இல் வந்த 'சந்திரலேகா'வின் கதை அந்த இலாகாவின் பெயரில்தான் வந்தது. அதன் முதல் பொறி ஓர் ஆங்கில நாவலின் சிறு பகுதியிலிருந்து கிடைத்தது. அதனால் யாரும் அதை நகல் என்று சொல்வதில்லை. அந்தப் பொறியை எடுத்து வருடக்கணக்கில் எழுதி, மாற்றி, சர்க்கஸைக் கொண்டுவந்து, முரசுகளுக்குள் வீரர்களை ஒளித்துவைத்து, உலகம் பார்க்காத ஒரு காட்சியாக முடித்தார்கள். கடன் வாங்குவது குற்றம் என்று நான் சொல்லவே இல்லை. வாங்கியதற்கு மேல் என்ன எழுதினோம் என்பதுதான் கேள்வி. அப்படி எழுதுவதற்கு மாதச் சம்பளத்தோடு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. பின்னாளில் தேவர் பிலிம்ஸும் கதை இலாகா வைத்திருந்தது. வணிகப் படம் எடுத்தவர்கள்தான் இதைச் செய்தார்கள், கலைப்படக்காரர்கள் அல்ல.

எழுத்தாளரின் பெயரும் அன்று சுவரொட்டியில் நின்றது. இளங்கோவன் வசனம் என்றால் கூட்டம் வந்தது. 1952இல் 'பராசக்தி' வந்தபோது மு. கருணாநிதியின் வசனம்தான் அதன் பெரிய விளம்பரம். அந்தப் படத்துக்கு மூலம் பாவலர் பாலசுந்தரத்தின் நாடகம் என்பதும் மறைக்கப்படவில்லை.

கிராமத்தை ஸ்டுடியோவுக்கு வெளியே கொண்டுவந்த பாரதிராஜாவின் முதல் படங்களைப் பாருங்கள். இயக்குநரின் பெயர் எவ்வளவு பெரிதாக வளர்ந்தாலும் பக்கத்தில் எழுத்தாளர்கள் தனித்தனியாக இருந்தார்கள். '16 வயதினிலே'வுக்கு வசனம் கலைமணி. 'கிழக்கே போகும் ரயில்' கதை ஆர். செல்வராஜ். 'நிழல்கள்' மணிவண்ணன் எழுதியது. பிறகு மெல்ல மெல்ல, கதை, திரைக்கதை, வசனம், இயக்கம் நான்கும் ஒரே ஆளின் பெயரில் ஒரே டைட்டில் கார்டாக வருவது வழக்கமானது. கே. பாக்யராஜ் போன்று நான்கையும் உண்மையாகவே செய்யக்கூடியவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். ஆனால் எல்லா இயக்குநருக்கும் அந்த வரம் கிடையாது. நன்றாகப் படமெடுக்கத் தெரிந்த ஒருவருக்கு எழுத வரவில்லை என்றால் அதில் இழிவு ஒன்றும் இல்லை. இன்றோ எழுதத் தெரியாத இயக்குநர் அதை ஒப்புக்கொள்ள வழியில்லை, இயக்க விரும்பாத எழுத்தாளருக்குப் பிழைக்க வழியில்லை. இந்த ஒரு கார்டு இரண்டு பேரையும் கெடுத்துவிட்டது.

உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் வேறு மாதிரியும் நடக்கிறது. வெற்றிமாறன் பூமணியின் 'வெக்கை'யை 'அசுரன்' ஆக்கினார். கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தன் சிறை அனுபவத்தை எழுதிய 'லாக்கப்'பிலிருந்து 'விசாரணை' வந்தது, அது வெனிஸ் திரைவிழா வரை போனது. பா. இரஞ்சித் 'சார்பட்டா பரம்பரை'யைத் தமிழ்ப்பிரபாவோடு சேர்ந்து எழுதினார். மணிரத்னமும் ஷங்கரும் சுஜாதாவை வைத்துக்கொண்டு எத்தனை படங்கள் செய்தார்கள்! எழுத்தாளர் பக்கத்தில் நின்றதால் இவர்களில் யாருடைய பெயரும் சிறுத்துவிடவில்லை. இதில் 'வெக்கை' புத்தகமாக வந்தது 1982. படமானது 2019. முப்பத்தேழு வருடம் அந்தக் கதை நம் கண்ணெதிரே அலமாரியில் இருந்தது. இன்னும் எத்தனை அப்படி இருக்கின்றன என்று நினைத்தால் மனம் பதறுகிறது.

இந்த இடத்தில் மகேந்திரனை நினைக்காமல் போக முடியாது. உமாசந்திரனின் நாவலிலிருந்து 'முள்ளும் மலரும்', புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து 'உதிரிப்பூக்கள்'. இரண்டிலும் படம் மூலத்தை விட்டு வெகுதூரம் போய்விடுகிறது. 'சிற்றன்னை'யைப் படித்துவிட்டு 'உதிரிப்பூக்கள்' பார்த்தால், எடுத்துக்கொண்டது ஒரு விதை அளவு என்றுதான் தோன்றும். அந்த விதைக்கும் பெயர் சொன்னார். சொல்லாமல் விட்டிருந்தால் கண்டுபிடித்துக் கேட்டிருப்பவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். இன்று முழுப் படத்தையே எடுத்துக்கொண்டு "இன்ஸ்பிரேஷன்" என்ற வார்த்தையைக்கூட டைட்டிலில் போடத் தயங்குகிறோம். போட்டால் உரிமைத் தொகை கேட்பார்கள் என்ற பயம். முன்பே கேட்டு வாங்கியிருந்தால் அந்தப் பயத்துக்கு இடமில்லை. உங்கள் நடிகரின் சம்பளத்தோடு வைத்துப் பார்த்தால் அந்தத் தொகை எங்கே நிற்கும்?

தலைப்புகளைப் பாருங்கள். 'பொல்லாதவன்' 1980இல் வந்தது, 2007இல் மறுபடி வந்தது. 'படிக்காதவன்' 1985, 2009. 'நான் மகான் அல்ல' 1984, 2010. 'தங்கமகன்' 1983, 2015. 'மனிதன்' 1987, 2016. 'வேலைக்காரன்' 1987, 2017. 'நெற்றிக்கண்' 1981, 2021. 'மாவீரன்' 1986, 2023. முதலில் வந்தவை எல்லாமே ரஜினிகாந்த் நடித்தவை. இரண்டாவதாக வந்தவற்றில் மிக நல்ல படங்கள் உண்டு, முந்தைய படத்தின் கதையோடு அவற்றுக்குத் தொடர்பும் இல்லை. அதனால்தான் வருத்தம். புதிதாக ஒரு கதையைச் சொல்லிவிட்டு அதற்குப் பழைய பெயரை வைக்கும்போது, நம் கதை தன் பெயரில் நிற்காது என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். தமிழில் சொல்லுக்கா பஞ்சம்?

பாட்டுக்கு வருகிறேன். பழைய பாட்டைப் புதுப் படத்தில் வைத்து அரங்கத்தை எழுப்புவது சில வருடங்களாக ஒரு சூத்திரமாகிவிட்டது. இதில் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது நியாயமாகாது. 2024இல் வந்த 'லப்பர் பந்து'வில், 1989ஆம் வருடத்து 'பொன்மனச் செல்வன்' படப் பாட்டு, 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்', வருகிறது. அது கெத்து என்ற மனிதனின் பாட்டு. அவன் விஜயகாந்த் ரசிகன், மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கும்போது ஒலிப்பது அவனுடைய இளமை, அவனுடைய ஊர், அவனுடைய திமிர். அந்தப் பாட்டு அங்கே இல்லையென்றால் அந்தப் பாத்திரமே குறைந்துபோகும். அதேபோல் மலையாளத்தின் 'மஞ்சும்மல் பாய்ஸ்', 1991இல் வந்த 'குணா' பாட்டைக் கொடைக்கானல் குகையோடும் நட்போடும் பிணைத்துவிட்டது. அந்தப் படம் மொழிமாற்றம்கூடச் செய்யாமல் தமிழ்நாட்டில் வாரக்கணக்கில் ஓடியது. பழைய பொருளைப் புதிய அர்த்தத்தோடு வைப்பதும் படைப்புதான்.

வலிப்பது மற்றது. சண்டை நடக்கிறது, காட்சியில் உயிர் இல்லை என்று எடிட்டிங் மேசையில் தெரிகிறது, உடனே நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு பாட்டைப் பின்னால் ஓடவிடுகிறார்கள். மக்கள் கைதட்டுகிறார்கள். அந்தக் கைதட்டல் பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பாடியவருக்கும் உரியது. அதைக் காட்சிக்குக் கிடைத்ததாகக் கணக்கு எழுதிக்கொள்கிறோம். பிறகு இளையராஜாவிடமிருந்து நோட்டீஸ் வருகிறது, வழக்கு உயர்நீதிமன்றம் போகிறது, 2025இல் ஒரு பெரிய படத்தின் மூன்று பாடல்களுக்கு இடைக்காலத் தடையும் வந்தது. அந்தப் பாடல்களின் உரிமை இசை நிறுவனத்திடமா, இசையமைப்பாளரிடமா என்று நீதிமன்றம் சொல்லட்டும், அது நான் தீர்ப்புச் சொல்லும் விஷயம் அல்ல. எனக்கு எழும் கேள்வி வேறு. இன்று வரும் பாட்டை 2060இல் யாராவது எடுத்து வைத்து அரங்கத்தை எழுப்ப முடியுமா? அதற்கு இன்றைய இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ஒரு சூழலும் ஒரு பாத்திரமும் கையில் கொடுக்க வேண்டும். "ரீல்ஸுக்கு ஒரு ஹுக் லைன்" மட்டும் கேட்டால் அவர்கள் அதைத்தான் தருவார்கள்.

"மக்கள் மாஸ்தான் கேட்கிறார்கள், நாங்கள் என்ன செய்ய?" என்று கேட்பீர்கள். மக்கள் கேட்டதற்கு அத்தாட்சி உங்களிடமே உண்டு. ஒரு தொலைக்காட்சியின் குறும்படப் போட்டியான 'நாளைய இயக்குநர்' வழியாகக் கார்த்திக் சுப்புராஜும் நலன் குமாரசாமியும் வந்தார்கள். உங்களில் ஒருவரான சி.வி. குமார் 2012, 2013இல் 'அட்டகத்தி', 'பீட்சா', 'சூது கவ்வும்' என்று மூன்று அறிமுக இயக்குநர்களை நம்பினார். பெரிய நட்சத்திரம் இல்லை, பெரிய செலவு இல்லை. அந்த மூன்று படங்களும் அடுத்த பத்து வருடத் தமிழ் சினிமாவின் போக்கையே மாற்றின. 2025இல் 'டூரிஸ்ட் ஃபேமிலி'யை ஒரு மிக இளைய அறிமுக இயக்குநர் எடுத்தார், குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தார்கள். கதவு திறந்தபோதெல்லாம் ஆள் வந்திருக்கிறார்கள், பார்வையாளரும் வந்திருக்கிறார்கள். கதவு திறந்தே இருப்பதற்கு ஓர் ஏற்பாடு மட்டும் செய்யப்படவில்லை.

வியாபாரமாகவே பார்க்கலாம், எனக்கு அதில் கூச்சம் இல்லை. ஜீத்து ஜோசஃப் எழுதிய 'திருஷ்யம்' 2013இல் மலையாளத்தில் வந்தது. அந்த ஒரு திரைக்கதை கன்னடம், தெலுங்கு, தமிழ், இந்தி, சிங்களம் என்று போய், 2019இல் சீனத்திலும் படமானது. மலையில் ஒரு வீடு, ஒரு கேபிள் டிவிக்காரர், அவருடைய குடும்பம், ஒரு போலீஸ் நிலையம்: அவ்வளவுதான் முதலீடு. இத்தனை மொழிக்கும் போய் விற்றது அந்த எழுத்து. நம்மிடமும் இது நடந்திருக்கிறது. பாக்யராஜின் 'அந்த 7 நாட்கள்', 'முந்தானை முடிச்சு', 'எங்க சின்ன ராசா' எல்லாம் இந்திக்குப் போயின. 'ஜிகர்தண்டா', 'விக்ரம் வேதா', 'கைதி' போயின. ஒரு நல்ல திரைக்கதை, படம் ஓடி முடிந்த பிறகும் உங்களுக்குச் சம்பாதித்துத் தருகிற சொத்து. நட்சத்திரத்தின் கால்ஷீட் படப்பிடிப்போடு தீர்ந்துவிடும். இருந்தும் உங்கள் பட்ஜெட் தாளில் எழுத்துக்கு ஒரு வரி இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். பல தாள்களில் "டிஸ்கஷன் செலவு" என்றுதான் இருக்கும், அதுவும் அறை வாடகையும் சாப்பாடும்.

அடுத்தது கசப்பான விஷயம். கதைத் திருட்டு. ஒவ்வொரு பெரிய படத்துக்கும் வெளியீட்டு வாரத்தில் யாராவது ஒருவர் "இது என் கதை" என்று வருகிறார். சிலர் பணத்துக்காக வருகிறார்கள் என்று நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கலாம். ஆனால் 2018இல் 'சர்க்கார்' விவகாரத்தில், தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கமே இரண்டு கதைகளையும் படித்து, ஒற்றுமை இருக்கிறது என்று சொன்னது. பிறகு உயர்நீதிமன்றத்தில் சமரசமாகி, படத்தின் தொடக்கத்தில் அந்த எழுத்தாளரின் பெயர் கார்டாக வந்தது. அவருக்குப் பின்னால் ஒரு சங்கம் நின்றதால் அது நடந்தது. நிற்க யாரும் இல்லாதவர்கள் எத்தனை பேர்!

சட்டத்தின் நிலையையும் தெரிந்துகொண்டு பேச வேண்டும். ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: கருத்துக்கும் கருப்பொருளுக்கும் காப்புரிமை கிடையாது, அது வெளிப்பட்ட வடிவத்துக்குத்தான் உண்டு. அந்தத் தீர்ப்பு சரியானது. அண்ணன் தங்கை பாசத்துக்கு ஒருவர் உரிமை கொண்டாடினால் மற்றவர்கள் எழுதவே முடியாது. ஆனால் நம் ஊரில் கதை கேட்கும் முறைக்கு அந்தத் தீர்ப்பைப் பொருத்திப் பாருங்கள். "தம்பி, ஒன்லைன் சொல்லு" என்றுதான், அதாவது கதையின் கருவை ஓரிரு வரியில் சொல் என்றுதான், நீங்கள் கேட்கிறீர்கள். காப்புரிமை இல்லாத அந்த ஒன்றை மட்டும்தான் அவன் வாயால் சொல்லிவிட்டுப் போகிறான். கையெழுத்து இல்லை, தேதி இல்லை, கேட்டதற்குச் சாட்சி இல்லை. இரண்டு வருடம் கழித்து அதே ஒன்லைன் வேறொரு பெயரில் திரையில் வரும்போது, அது திருட்டா, தற்செயலா என்று கடவுளுக்குத்தான் தெரியும். உங்கள் மேல் தவறில்லை என்றாலும் நிரூபிக்க உங்களிடமும் ஒன்றும் இல்லை.

இதற்கு மருந்து எளியது. கதை கேட்கும்போது ஒரு ரசீது. இன்ன தேதியில், இன்னார் எழுதிய, இன்ன தலைப்பில், இத்தனை பக்கம் உள்ள ஸ்கிரிப்ட்டைப் பெற்றுக்கொண்டோம், அல்லது கேட்டோம், அவ்வளவு போதும். ஸ்கிரிப்ட்டை எழுத்தாளர் சங்கத்தில் பதிவுசெய்த எண் ஒன்று அதில் இருந்தால் இன்னும் நல்லது. அதே மாதிரி கதை உங்களிடம் முன்பே இருந்தால் அதையும் அன்றே குறித்துவிடலாம். வெளியீட்டு வாரத்து வழக்குகளில் பெரும்பகுதி இதோடு நின்றுவிடும். இன்றைக்கு ஒரு உதவி இயக்குநர் தனியாக உங்கள் அலுவலகத்துக்கு வந்து இந்த ரசீதைக் கேட்டால், "நம்பிக்கை இல்லாதவன் எதுக்கு வந்தே?" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவனால் கேட்க முடியாது. நீங்கள் எல்லோரும் சேர்ந்து விதியாக வைத்தால்தான் நடக்கும்.

புதிதாக வந்திருக்கும் இன்னொன்றையும் இந்த மடலில் பேசியாக வேண்டும். 2013இல் வந்த தனுஷ் படம் 'அம்பிகாபதி', இந்தியில் 'ராஞ்ஜனா', 2025 ஆகஸ்டில் மறுபடி வெளியானது. நாயகன் இறந்துபோகும் முடிவைச் செயற்கை நுண்ணறிவால் மாற்றி, அவன் பிழைத்து எழுவதாகத் தமிழில் வெளியிட்டார்கள். இயக்குநர் ஆனந்த் எல். ராய் எதிர்த்தார், தனுஷும் எதிர்த்தார். உரிமை வைத்திருந்த நிறுவனம் தன்னிடம் உரிமை இருக்கிறது என்றது. நம் சட்டப்படி படத்தின் காப்புரிமை தயாரிப்பாளருடையதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மரணத்தை நோக்கித்தான் அந்தக் கதை முதல் காட்சியிலிருந்து நடந்து வருகிறது. சாக வேண்டியவனைப் பிழைக்கவைத்தால் அவன் அதுவரை செய்த எதற்கும் பொருள் இல்லாமல் போய்விடும். காப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும் படைத்தவருக்குத் தன் பெயரைக் கோரவும், தன் பெயருக்குக் களங்கம் வரும்படி படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கவும் வழி வைத்திருக்கிறது. அந்தப் பிரிவின் உணர்வையாவது உங்கள் ஒப்பந்தங்களில் எழுதிவையுங்கள். இதே கருவியை மரியாதையோடு கையாளவும் முடியும் என்பதற்கு 2024இல் 'லால் சலாம்' ஒரு சான்று. பாடகர்கள் பம்பா பாக்யாவும் சாகுல் ஹமீதும் மறைந்த பிறகு அவர்கள் குரலைப் பயன்படுத்த, ஏ.ஆர். ரஹ்மான் குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, அதற்கான தொகையும் கொடுத்தார்.

செயற்கை நுண்ணறிவு எழுதித்தரும் ஒன்லைன்கள் இப்போதே டிஸ்கஷன் அறைகளுக்குள் வந்துவிட்டன. பழையவற்றைக் கலந்து "எந்தப் படம் மாதிரி" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதில் அதை யாரும் மிஞ்ச முடியாது. அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் 2023இல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து, இயந்திரம் எழுதியதை எழுத்தாளரின் படைப்பாகக் கணக்கில் கொள்ளக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். அவர்களுக்கு அவ்வளவு வலுவான சங்கம் இருந்தது. இங்கே நீங்கள் மனது வைத்தால் ஒருநாள்கூட வேலை நிற்காமல் அதைச் செய்துவிடலாம்.

அப்படியானால் நடைமுறையில் என்ன கேட்கிறேன்? ஸ்கிரிப்ட்டுக்கு என்று பட்ஜெட்டில் ஒரு தனி வரி, படத்தின் மொத்தச் செலவில் ஒரு குறைந்தபட்ச விகிதம். எவ்வளவு என்பதை நீங்களும் எழுத்தாளர் சங்கமும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்ளுங்கள், எழுதியவருக்குப் படம் தொடங்கும் முன்பே அது போய்ச்சேர வேண்டும். கதை ஒருவருடையது, திரைக்கதை இன்னொருவருடையது, கூடுதல் எழுத்து இன்னும் இருவருடையது என்றால், அப்படியே தனித்தனி கார்டு. பாட்டுக்கும் இசைக்கும் வசனத்துக்கும் திரைக்கதைக்கும், படம் திரையரங்குக்கு வெளியே சம்பாதிக்கும்போது ராயல்டியில் எழுதியவருக்குப் பங்கு உண்டு என்று 2012இல் திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. அதை எழுதிக் கொடுத்துவிடும்படி கேட்கவே கூடாது. இந்த உரிமை இருப்பதே பல திரைக்கதையாசிரியர்களுக்குத் தெரியாது என்பதை வைத்து ஒப்பந்தம் எழுதாதீர்கள்.

காலமும் வேண்டும். ஸ்கிரிப்ட் முடியும்வரை வெளியீட்டு நாளை அறிவிக்காமல் ஒரே ஒரு படத்தையாவது, உங்களில் ஒவ்வொருவரும், செய்து பாருங்கள். பெரிய படமாக இருக்க வேண்டியதில்லை. ஓர் எழுத்தாளரை ஆறு மாதம் சம்பளத்தோடு உட்காரவைத்தால் ஆகும் செலவு, வெளிநாட்டில் ஒரு பாட்டு எடுக்கும் செலவுக்குள் அடங்கிவிடும்.

அந்த ரசீதின் மாதிரிப் படிவத்தை முதலில் செய்யலாம், அதற்கு யாருக்கும் காசு செலவில்லை. ஒரு பக்கம் போதும். எழுத்தாளர் சங்கத்தையும் இயக்குநர் சங்கத்தையும் அழைத்து ஒரு மாலை உட்கார்ந்தால் வாசகத்தை முடித்துவிடலாம். உங்கள் அடுத்த பொதுக்குழுவுக்கு முன் அழைப்பு வந்தால், உதவி இயக்குநர்கள் தரப்பிலிருந்து நாங்கள் சிலர் வரைவோடு வருகிறோம்.

நன்றியுடன்,
கதை விவாத அறைகளில் எழுதிக்கொண்டிருக்கும் ஓர் உதவி இயக்குநர்